இரண்டு பக்கமும் கழித்த பிரியாணி

1

இன்று காலை என் ஜெர்மன் சிநேகிதி அன்கேயிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைத் தாளில் பெரிதாக ஒரு கழித்தல் குறி, அதற்குக் கீழே ஒரு பிரியாணி அண்டா. அண்டா என்று நான்தான் சொல்கிறேன். அவள் வரைந்த லட்சணத்துக்கு அது குப்பைத்தொட்டியாகவும் இருக்கலாம். "ஒரு வருஷம் ஆகிவிட்டது, வாழ்த்துகள்!" என்று ஜெர்மனில் எழுதியிருந்தாள். டிராமில் உட்கார்ந்தபடி வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் தன் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தனியாகச் சிரிக்கிறவர்களிடமிருந்து இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

போன வருஷம் இதே சமயம்தான் எங்கள் வீட்டுக் கறி விருந்தில் பிரியாணி பற்றாமல் போனது. திண்டுக்கல் மாவட்டத்தில், என் கூடப்பிறந்த அண்ணன் மகள் கல்யாணத்தில், பிரியாணி பற்றவில்லை! வேறு மாவட்டமாக இருந்தால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் அதைச் சொல்லிச் சொல்லியே கவிதாவின் பேரப்பிள்ளைகள் காலம் வரை குத்திக்காட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு மட்டும் அது பற்றியிருந்தால் என் மூன்று வருஷ உழைப்பும், இந்த நாட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே சிநேகிதியும் கையைவிட்டுப் போயிருக்கும். அதனால் குடும்ப மானம் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அண்ணன் இதைப் படித்தால் அடிக்க வருவான். படிக்கட்டும்.

2

என் பெயர் செல்வராணி. வீட்டில் ராணி. இங்கே அலுவலகங்களில் "திருமதி பெருமாள்" என்று என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அது உட்கார்ந்துவிட்டதால். வந்த புதிதில் ஒவ்வொரு முறையும் அப்பாவைத் தேடிப் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அவர் சாணார்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். இப்போது அவர் இல்லை. தோட்டத்தை அண்ணன் பார்க்கிறான். ஆனாலும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கதவு திறந்து அவர் பெயர் கேட்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும். ஊரைவிட்டுத் திருச்சியைக்கூடத் தாண்டாத மனிதர், ஜெர்மன் சர்க்காரில் அவருக்கு எத்தனை ஃபைல்!

அந்த அலுவலகத்தில் ஒரு அம்மாள் ஒருமுறை என் தொழிலை விசாரித்தார்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?"

"கணக்குப் போடுகிறேன்."

"அதன் விளைவு என்ன?"

"ஒரு எண்."

"என்ன எண்?"

"இன்னும் தெரியவில்லை."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அதையும் தட்டச்சு செய்து, தங்கும் அனுமதியை நீட்டித்துக் கொடுத்தார். எண் தெரியாதவளை நம்பி வீட்டில் வைத்துக்கொண்ட நாடு இது. நன்றி மறக்கக் கூடாது.

கணக்கு எதைப் பற்றி? புரோட்டான்களைப் பற்றி. (இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன ஹோட்டல் ஜோக் அடிக்க முடியுமோ அதையெல்லாம் எங்கள் ஊர் ஏற்கெனவே அடித்து முடித்துவிட்டது. நான் சேர்க்கப் போவதில்லை.) பூமிக்கடியில் பெரிய வளையம் கட்டி, புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவிடுகிறார்கள். புரோட்டான் என்பது ஒற்றை ஆள் இல்லை, ஒரு குடும்பம். உள்ளே குவார்க், குளுவான் என்று ஏகப்பட்ட உருப்படிகள். எல்லோருக்கும் சேர்த்துப் பார்ட்டான் என்று பெயர். இரண்டு புரோட்டான்கள் மோதும்போது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் ஒருவர், அந்தப் பக்கத்தில் ஒருவர் பலமாக முட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் சில சமயம், பெண் பார்க்கிற வீட்டில் கூடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நிமிஷத்தில், சமையல்கட்டில் இரண்டு வீட்டுச் சித்திகளும் முட்டிக்கொள்வதில்லையா? ஒரே சந்திப்பு, இரண்டு மோதல். என் தொழில் அதுதான். அப்படி இரட்டை மோதல் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று தாளில் கணக்கிட்டுச் சொல்வது.

இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. கூடத்து மோதலின் வாய்ப்பையும் சமையல்கட்டு மோதலின் வாய்ப்பையும் பெருக்கி, குடும்பத்தின் அளவைக் காட்டும் ஒரு எண்ணால் வகுத்துவிடலாம். இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை என்று நம்பினால் இது போதும். அந்த இரண்டு சித்திகளுக்கும் பழைய பகை எதுவும் கிடையாது என்று நம்புகிற மாதிரி. யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. அன்கேயும் நம்பவில்லை. அப்படித்தான் சேர்ந்தோம்.

3

அன்கே என்னைவிடச் சில வயது மூத்தவள். ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல். எத்தனை பேர் வருவீர்கள், கறி உண்டா, உருளைக்கிழங்கு ஆளுக்கு எத்தனை சாப்பிடுவீர்கள்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருந்தாளியிடம் உருளைக்கிழங்கு கணக்குக் கேட்கிற வீட்டில் நமக்கென்ன வேலை என்று போகாமலே இருந்திருப்பேன். என் வீட்டுக்காரர்தான் "இங்க அதுதான் மரியாதை, கிளம்பு" என்றார்.

போனோம், சாப்பிட்டோம். மூன்றாவது உருளைக்கிழங்கை அவள் நீட்டியபோது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நான் நிறைந்துவிட்டேன்" என்பதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். அந்த மொழியில் அதற்கு அர்த்தம், எனக்குப் போதை தலைக்கேறிவிட்டது என்பது. நான் குடித்திருந்தது ஆப்பிள் ஜூஸ். அன்கே என்னைப் பார்த்தாள், ஜூஸைப் பார்த்தாள், பாட்டிலைத் திருப்பி ஒட்டியிருந்ததைப் படித்தாள். பிறகு விஷயம் விளங்கி, மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். வந்த நாளிலிருந்து என்னோடு சேர்ந்து சிரித்த முதல் ஆள் அவள்தான். அன்றைக்கே ஒட்டிக்கொண்டுவிட்டேன்.

அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மகள் யாழினி அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், ஜெர்மன் வாக்கியத்துக்கு நடுவில் அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்து. யாழினிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். "சாப்டியா?" என்று ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்காதே, சாப்பிட்டேன் என்று உனக்கே தெரியும், பிறகு எதற்கு அந்தக் கேள்வி என்று தர்க்கம் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் அவள் இந்தியாக்காரப் பெண். ஊருக்குப் போனால் "வெளிநாட்டுப் புள்ள". எந்த ஊர்க்காரி என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

4

மூன்று வருஷம் நானும் அன்கேயும் ஒரே கணக்கைப் போட்டோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பிரியாணி இங்கேதான் இருக்கிறது.

மோதலுக்குச் சற்று முன்னால் ஒரு குளுவான் இரண்டாகப் பிரிகிறது என்று வையுங்கள். பிறந்த இரண்டு பேரும் போய் எதிர்ப்பக்கத்தில் ஆளுக்கொருவரோடு மோதுகிறார்கள். இது இரட்டை மோதலா, ஒற்றை மோதலா? மோதியவர்கள் இரண்டு பேர் என்று பார்த்தால் இரட்டை. எல்லாம் ஒரு குளுவானிலிருந்து வந்தது என்று பார்த்தால் ஒற்றை. ஒற்றை மோதலைக் கணக்கிடுகிறவர்கள் இதைத் தங்கள் கணக்கில் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பார்கள். இரட்டைக்காரர்களான நாங்களும் எழுதிக்கொண்டு, கடைசியில் இரண்டையும் கூட்டினால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அதனால் இரண்டுக்கும் பொதுவான பங்கைக் கழிக்க வேண்டும்.

புரோட்டானுக்குள் இரண்டிரண்டு பேராக எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்பது அன்கேயின் பங்கு. அவளுடைய விடையை வாங்கி மோதவைத்து, கடைசி எண்ணைச் சொல்வது என் பங்கு. எல்லாம் கச்சிதமாகப் போயிற்று. ஒரு நாள் கடைசி எண் வந்தது. ஒரு மூலையில் அது பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது.

வாய்ப்பு மைனஸ்! நடக்காது என்றால் பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம். நடக்காததைவிடக் குறைவாக எதுவும் நடக்க முடியாது. பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு மைனஸ் ஏழு என்று சொன்னால் எப்படியிருக்கும்? என் கணினி அப்படித்தான் சொல்லிக்கொண்டு முழித்தது.

மாதக்கணக்கில் தேடினோம். என் பக்கம் தப்பில்லை. அவள் பக்கத்தில் தப்பிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. என் பக்கத்தில் தப்பிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும், அவளும் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாகிவிட்டோம். "அன்புள்ள ராணி" என்று தொடங்கும் மின்னஞ்சல் வெறும் "வணக்கம்" ஆயிற்று. அரட்டைக்காக வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை போன் நின்றது. கடைசியில் அவள் எழுதினாள்: மாத முடிவுக்குள் காரணம் தெரியாவிட்டால் இந்த வேலையை மூடிவிடலாம், அவரவர் வழியைப் பார்ப்போம், இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் வேண்டாம்.

வருத்தம் வேண்டாமாம். நான் சமையலறையில் நின்று அழுதேன். ஆராய்ச்சிக் கட்டுரை போனால் இன்னொன்று எழுதலாம். "நான் நிறைந்துவிட்டேன்" என்று சொன்னால் சிரிக்கிறதற்கு இன்னொருத்திக்கு எங்கே போவேன்?

இந்த நிலைமையில்தான் கவிதா கல்யாணத்துக்கு விமானம் ஏறினேன். மடிக்கணினியில் அந்த மைனஸ், பக்கத்து இருக்கையில் காதில் ஹெட்போன் மாட்டிய யாழினி.

5

கவிதா என் அண்ணன் மகள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமன் மகன்தான். அதாவது என் மதினியின் அண்ணன் மகன். தொப்பம்பட்டிப் பக்கம் தென்னையும் சோளமும் போடுகிற குடும்பம். ஆகவே மதினியின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பெண்ணுக்கும் சொந்தம், மாப்பிள்ளைக்கும் சொந்தம். யாழினி போனில் படம் போட்டு யார் யாருக்கு என்ன முறை என்று புரிந்துகொள்ளப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கோடு வந்தது. "அம்மா, எல்லாரும் ரெண்டு தடவ சொந்தம்!" என்று தமிழிலேயே கத்தினாள். ஆச்சரியத்தில் ஜெர்மன் மறந்துவிட்டது போலிருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு நான் வரவில்லை, வீடியோவில்தான் பார்த்தேன். அன்றைக்கு ஒரு கூத்து நடந்ததாம். சமையல்காரரிடம் அண்ணன் தன் பக்கத்து ஆட்கள் இத்தனை பேர் என்று சொன்னான். மதினியின் அண்ணன், அதாவது சம்பந்தி, தன் பக்கத்து ஆட்கள் இத்தனை பேர் என்று சொன்னார். மதினி வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கணக்கிலும் இருந்தார்கள். சோறும் சாம்பாரும் அண்டா அண்டாவாக மிஞ்சின. தெருவுக்கெல்லாம் கொடுத்து, ஆட்டுக்கு வைத்து, மாட்டுக்கு வைத்து, கடைசியில் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.

"ரெண்டு பேரும் செத்த நேரம் உக்காந்து பேசிருந்தா இம்புட்டும் வீணாப் போயிருக்குமாண்ணே?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"எப்படித்தா பேசுறது? உங்க பக்கம் எத்தன பேரு வருவீகன்னு சம்பந்திகிட்டப் போயி கேட்டா, கொஞ்சப் பேரா வாங்கன்னு சொன்ன மாதிரி ஆகும்ல? பொண்ணு குடுக்குற வீட்ல அப்படிக் கேக்கலாமா?"

கேட்கக் கூடாதுதான். எனக்கும் அது சரியாகவே பட்டது. உருளைக்கிழங்கு கணக்குக் கேட்ட அன்கேயை நினைத்துக்கொண்டேன்.

6

கல்யாணம் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் நல்லபடி நடந்தது. மறுநாள் மதியம் எங்கள் தோப்பிலேயே பந்தல் போட்டுக் கறி விருந்து. டவுனிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஆட்களோடு வந்து விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். சீரகச் சம்பா வேகிற வாசனை ரோடு வரைக்கும் போயிற்று. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். நான் மடிக்கணினியைத் தொடக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு, இலை போட உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. முதல் பந்தியில் வெளியாட்கள், பழக்கக்காரர்கள். நெருங்கிய சொந்தம் ஓடியாடிப் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காரும். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியது, எலும்புக் குழம்பு வாளி தூக்கியது எல்லாம் மதினியின் சொந்தக்காரர்கள்தான். இரண்டு பக்கமும் உரிமை இருக்கிறதால் இரட்டிப்பு வேலை செய்தார்கள். வியர்க்க விறுவிறுக்க அவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. வெங்காயப் பச்சடி, கத்திரிக்காய் வெஞ்சனம் எல்லாம் வைத்தாயிற்று. அண்டாவுக்குள் கரண்டி போகிற சத்தம் கேட்டது, சுரண்டுகிற சத்தம்.

அண்ணன் அடுப்படிக்கு ஓடினான். நானும் ஓடினேன்.

"மாஸ்டர், சொன்ன ஆளுகளுக்கெல்லாம் ஆக்குனீகல்ல?"

"நீங்க சொன்னதையும் அவுக சொன்னதையும் கூட்டி, மேல கொஞ்சம் போட்டுத்தாண்ணே ஆக்குனேன். ஒரு பருக்க கொறைக்கல."

சம்பந்தியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அண்ணன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "மச்சான், தப்பா நெனைக்கப்படாது. உங்க கணக்குல நம்ம பொதுச் சொந்தமெல்லாம் சேத்துத்தான..."

"ஏனுங்க மாப்ள, அவுங்க உங்க கணக்குல வந்துருவாங்கன்னு நாங் கழிச்சுட்டுத்தானுங்க சொன்னேன். நிச்சயத்துல மிஞ்சிப் போச்சுங்களே. மறுக்காவும் உங்களுக்குச் சங்கடம் வேண்டாமுன்னு..."

அண்ணன் தலையில் கை வைத்தான். "நானும்ல கழிச்சேன்! அவுக உங்க கணக்குல வருவாகன்னு!"

அதற்குள் மதினி வந்து நின்றாள். பட்டுச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் இன்னும் பச்சடி வாளி.

"அப்ப எங்காளுகளுக்கு ஒல வச்சது ஆரு? ரெண்டு பக்கமும் சொந்தம், ரெண்டு பக்கமும் சொந்தம்னு வாய் வலிக்கச் சொன்னீகளே. சோறுன்னு வந்தா ரெண்டு பக்கமும் இல்லையா?"

அந்த நிமிஷம்தான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டு பேரும் கழித்திருக்கிறார்கள். இரண்டு பேரும்! சம்பந்தியிடம் கேட்கக் கூடாது என்று இவன் கேட்கவில்லை, சங்கடம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பொதுவானவர்களை ஒருமுறை கழித்தால் கணக்கு சரி. இரண்டு முறை கழித்தால் பந்தியில் மைனஸ் ஆட்கள்!

சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். குடும்ப மானம் கப்பலேறுகிற நேரத்தில் கூடப்பிறந்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தால் அண்ணன் என்ன நினைப்பான்? "ஏத்தா ராணி! இவளுக்கு என்னமோ ஆயிப்போச்சு. தண்ணி கொண்டாங்கப்பா!" என்றான். "மூணு வருசம், மூணு வருசம்ணே!" என்று சொல்லிக்கொண்டே சிரித்தேன், அழுதேன். யாழினி முகத்தை மூடிக்கொண்டு, ஜெர்மனில், தான் என் மகள் இல்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

7

தோப்பில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மோட்டார் ரூம் வாசல். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அன்கேவுக்கு அப்போது காலை நேரம், அலுவலகத்தில் இருந்தாள்.

"அன்கே, அந்தப் பொதுப் பங்கை நீ கழித்தாயா?"

"எந்தப் பொதுப் பங்கு?"

"குளுவான் இரண்டாகப் பிரிகிறதே, அது."

"கழித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்பினேன். உனக்கு வேறு எத்தனையோ வேலை, ஒன்றாவது குறையட்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லையா நான்?"

"சொல்லவில்லை. நானும் கழித்தேன்."

போனில் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"கழித்தாயா என்று நீ ஏன் என்னைக் கேட்கவில்லை?" என்றாள்.

"உன்னைப் போய் அதைக் கேட்பதா? அது மரியாதையாக இருக்காதே!"

முதலில் ஒரு செருமல். பிறகு அந்தச் சிரிப்பு. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அரை வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. ஆளுக்கு எத்தனை உருளைக்கிழங்கு என்று எழுதிக் கேட்கிற பெண், கேட்காமல் சொல்லாமல் எனக்காக ஒரு வேலையை முடித்து வைத்திருக்கிறாள். என்னோடு பழகிப் பழகி அன்கே சாணார்பட்டிக்காரி ஆகிவிட்டாள், எனக்குத்தான் தெரியவில்லை.

"அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"பிரியாணி பற்றவில்லை. சண்டை நடக்கிறது. அப்புறம் சொல்கிறேன்."

நான் திரும்பி வந்தபோது சண்டை முடிந்து காரியம் தொடங்கியிருந்தது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பிரியாணிக்கா பஞ்சம்? இருக்கிற டூவீலர்களெல்லாம் டவுனைப் பார்த்துப் பறந்திருந்தன. யாழினியைக் காணோம். மாப்பிள்ளையின் தங்கை அவளை ஸ்கூட்டி பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டாளாம். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆளுக்கொரு கடைப் பிரியாணி. இந்தக் கடையில் மிளகு தூக்கல், அந்தக் கடையில் கறி பஞ்சு மாதிரி என்று ஒப்பிட்டுச் சாப்பிட்டதில் அதுதான் அன்றைக்குச் சிறந்த பந்தியாகிவிட்டது. முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள்கூட ருசி பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். மதினியின் ஆட்கள் இருபுறமும் கவனிக்கப்பட்டார்கள். அண்ணன் ஒரு பக்கம் வைக்க, சம்பந்தி மறுபக்கம் வைக்க, இலையில் இடம் இல்லை. மதினிதான் கடைசி வரை இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

யாழினி நெற்றியெல்லாம் புழுதியோடு, இரண்டு கையிலும் பொட்டலங்களோடு வந்தாள். நான் வழியில் நின்றிருந்தேன்.

"அம்மா, செத்த தள்ளு. சூடா இருக்கு."

தள்ளி நின்றேன். அவள் போய்ப் பந்தியில் குனிந்து பரிமாறினாள். "இம்புட்டுப் போதுமா? இன்னும் வைக்கவா?" என்று ஒரு பெரியவரைக் கேட்டாள். "ரெண்டு பக்கமும் இல்லையா?" என்று மதினி கேட்டது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அந்தக் கேள்வி பிரியாணிக்கு மட்டும் இல்லை. இவளை ஜெர்மனியில், இந்தியாவின் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஊரில், ஜெர்மனியின் கணக்கு என்று விட்டுவிடுகிறோம். என்னையும்தான். எனக்குத் துக்கமாக இருந்தது, அதே சமயம் அவளைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு எல்லாமே இரட்டையாகத்தான் வந்தது.

மறுநாள் காலை அன்கேயிடமிருந்து ஒரு செய்தி. வேறு எழுத்தே இல்லை. ஒரு கூட்டல் குறி மட்டும்.

8

கட்டுரை வெளியாயிற்று. அதன் கடைசியில் நன்றி சொல்கிற பத்தியில், பொதுப் பங்கு பற்றிய பயனுள்ள விவாதத்துக்காக இரண்டு சம்பந்திகளுக்கும் எங்கள் நன்றி என்று ஒரு வரி சேர்த்தோம். மதிப்பாய்வாளர் ஒருவர் இந்த இருவரும் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டிருந்தார். தோப்பு என்று எழுதலாமா என்று அன்கே ரொம்ப நேரம் யோசித்தாள்.

இப்போது கவிதாவுக்கு ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு. நாங்கள் போகிறோம், அன்கேயும் வருகிறாள். அண்ணன் போன் செய்தான்.

"ராணி, அந்த ஜெர்மன்காரம்மா நம்ம கணக்குலதான? நம்ம வீட்டு விருந்தாளி. அவுகளுக்கும் யாழினிக்கும் சேத்து மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் தொப்பம்பட்டியிலிருந்து சம்பந்தி.

"ஏனுங்க, அந்தம்மாவும் நம்ம யாழினிப் பாப்பாவும் எங்கூட்டுக் கணக்குங்க. மாப்ளகிட்டக் கேக்க வேண்டாமுன்னு உங்ககிட்டச் சொல்றனுங்க."

அவரிடமும் ஆமாம் என்றேன்.

இதை அன்கேவுக்கு எழுதினேன். அவளிடமிருந்து உடனே பதில்: அப்படியானால் நானும் யாழினியும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறோமே, யாரிடம் சொல்லிக் கழிப்பது?

கழிக்காதே என்று எழுதினேன். பசியோடு வா.

அவள் இப்போது யாழினியிடம் தமிழ் கற்றுக்கொள்கிறாள். "போதும்" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறாள், உச்சரிப்பு நன்றாகவே வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பந்தியில் அந்தச் சொல் யார் காதிலும் விழாது என்பதை நாங்கள் இரண்டு பேரும் அவளிடம் சொல்லவில்லை.